விஜயதசமியன்று எழுந்திருக்காத யூனிக்ஸ்

இப்போதெல்லாம் சர்வர் படுத்துக்கொண்டால் அதை எழுப்ப யாரும் மெனக்கெடுவதில்லையாம். போன மாதம் திலீப் போன் பண்ணினான். என்னிடம் வேலை பழகியவன். இன்றைக்குச் சென்னையில் பெரிய கம்பெனியில் இருக்கிறான், தலையில் முடிகூடக் கொட்டிவிட்டது, ஆனாலும் என்னைக் கண்டால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பான். பேச்சுவாக்கில், ஒரு சர்வர் பூட் ஆகவில்லை, ஆரம்பத்தில் படிக்கிற ஃபைல் ஏதோ காணோம், மொத்தமாக அழித்துவிட்டுப் புதிதாக ஒன்று போட்டுவிட்டோம், டீ ஆறுவதற்குள் வேலை முடிந்தது என்றான். அந்த ஃபைல் ஏண்டா காணாமல் போச்சு என்று கேட்டேன். "அது எதுக்கு மேடம்?" என்றான். எனக்கு வந்ததே கோபம். வைடா போனை என்று வைத்துவிட்டேன்.

அப்புறம் மனசு கேட்கவில்லை. நானே கூப்பிட்டு, சாப்பிட்டாயா, பிள்ளைக்கு ஜுரம் விட்டதா என்று விசாரித்தேன். அவன் விவரமானவன். உங்கள் சர்வீஸில் இந்த மாதிரி ஒரு ஃபைல் போய் நீங்கள் திண்டாடியது உண்டா, எழுதுங்களேன், எங்கள் டீமில் எல்லோரும் படிப்போம் என்று ஐஸ் வைத்தான். எழுதுகிறேன். படிக்காமல் இருந்தீர்களோ, இருக்கிறது உங்களுக்கு.

என் பெயர் ஸ்டெல்லா. சொந்த ஊர் முசரவாக்கம். எங்கப்பா அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்து என்னைப் பாலிடெக்னிக் வரைக்கும் படிக்க வைத்தார். எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ. அதன் பிறகு சென்னையில் கொஞ்ச நாள் பயிற்சி. அங்கே ஒருவர் கம்ப்யூட்டரை ஓட்டுகிற யூனிக்ஸ் என்றால் என்ன என்று இங்கிலீஷில் மடமடவென்று சொல்லிக்கொண்டே போனார். பாதி புரிந்தது, மீதிக்குப் புரிந்த மாதிரி தலையாட்டினேன். திரும்பி வந்து காஞ்சிபுரத்தில் ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கம்பெனியில் சேர்ந்தேன், அங்கேயே ரிட்டயர் ஆனேன். நடுவில் முதலாளி மாறினார், போர்டு மாறியது, என் வாய் மட்டும் மாறவில்லை என்பார்கள்.

கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். ஜவுளிக்கடைக்கு மேலே ஒரு மாடி, அவ்வளவுதான். அங்கே சீனியர் எஞ்சினியர் வரதராஜன் சார். அவருக்கு வண்டி ஓட்ட வராது, கற்றுக்கொள்ளவும் மாட்டேன் என்றார். என்னிடம் ஒரு மொபெட் இருந்தது. எந்த கேஸுக்குப் போனாலும் கழுத்தில் சிலுவையோடு நான் முன்னால், நெற்றியில் நாமத்தோடு சார் பின்னால், நடுவில் டூல் பெட்டி. பொம்பளை வண்டி ஓட்ட ஆம்பளை பின்னால் உட்கார்ந்து போனால் ஊர் சும்மா இருக்குமா? டீக்கடையில் நிற்கிறவர்கள், "வரதர் வாகனம் வருதுபா, வழி விடு" என்பார்கள். நான் திரும்பி முறைப்பேன். சார் மட்டும் கருட சேவையில் எழுந்தருளின மாதிரி கையைத் தூக்கி ஆசீர்வாதம் பண்ணிக்கொண்டே வருவார்.

அவர் வேலை பார்க்கிற தினுசே தனி. மெஷின் எதிரில் போனதும் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். எடுத்ததும் கீபோர்டைத் தொடமாட்டார். திரையில் இருப்பதை ஓர் எழுத்து விடாமல் என்னை எழுதிக்கொள்ளச் சொல்வார். நான் எழுதியதை வாங்கித் திரையோடு ஒத்துப் பார்ப்பார். அப்புறம் ஒரே கேள்விதான் கேட்பார், கடைசியாக என்ன நடந்தது என்று. யார் செய்தது என்று அவர் கேட்டு நான் பார்த்ததே இல்லை. ஏன் சார் என்று ஒருநாள் வண்டியில் போகும்போது கேட்டேன். யார் என்று கேட்டால் எல்லாரும் பொய் சொல்லுவார்கள், என்ன என்று கேட்டால் பாதிப் பேராவது நிஜம் சொல்லுவார்கள் என்றார். அவருக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். என்னை ஸ்டெல்லா என்று கூப்பிடுகிறவர் அப்போது மட்டும் "மேடம்" என்பார். அதைக் கேட்டால் எனக்கு வாய் தானாக மூடிக்கொள்ளும்.

எத்தனையோ கேஸ். ரைஸ் மில்லில் பவர் சப்ளைக்குள் பல்லி செத்துக் கிடந்தது. கோயில் பக்கத்து லாட்ஜில் கீபோர்டு முழுக்கப் புளியோதரை. திருமுக்கூடலில் ஆற்றோரம் ஒரு ஆபீஸில் மழைத் தண்ணீர் புகுந்து, மெஷினை மேஜை மேல் ஏற்றி, மேஜையைக் கட்டில் மேல் ஏற்றி வைத்திருந்தார்கள். அதையெல்லாம் சொன்னால் இன்றைக்குள் முடியாது. திலீப் கேட்டது காணாமல் போன ஃபைல். அதற்கு முன்னால் ஆயுத பூஜையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நம்ம ஊரில் ஆயுத பூஜைக்குத் தறியைக் கழுவித் துடைத்து, இண்டு இடுக்கில் சேர்ந்த கழிவு நூலை எல்லாம் பொறுக்கி எடுத்து, சந்தனம் குங்குமம் வைத்து, அன்றைக்கு முழுக்கக் கை வைக்காமல் விடுவார்கள். கம்ப்யூட்டர் வந்தபோது அதற்கும் அதே மரியாதைதான். எங்களுக்கு என்ன கவலையென்றால், பூஜை போடுகிறவர்கள் ஃபிளாப்பி போடுகிற வாயில் விபூதியைக் கொட்டிவிடுவார்கள். அதனால் முதல்நாளே நானும் சாரும் ஊர் முழுக்கச் சுற்றி ஒவ்வொரு மெஷினுக்கும் வாயில் பேப்பர் ஒட்டிவிட்டு வருவோம். வேறு எந்த ஊர் எஞ்சினியரும் இந்த வேலை செய்திருக்கமாட்டார்.

பிள்ளையார்பாளையம் பக்கம் ஒரு பட்டு நெசவாளர் கூட்டுறவு சங்கம். அங்கே ஒரு யூனிக்ஸ் மெஷின், அதிலிருந்து ஒயர் இழுத்துப் பல அறைகளில் டெர்மினல், அதாவது வெறும் திரையும் கீபோர்டும். நெசவாளர் தறியில் நீளவாக்கில் ஏற்றுகிற பாவு நூலும் பட்டும் ஜரிகையும் வாங்கிப்போக வந்தால் மெஷினில் பதிந்து சீட்டு அச்சாகும். சீட்டு இல்லாமல் குடோனில் ஒரு இழை தரமாட்டார்கள். விஜயதசமியன்று அங்கே திருவிழாக் கூட்டம். அன்றைக்குப் புதுப் பாவு வாங்கித் தறியில் ஏற்றினால் அந்த வருஷம் முழுக்கத் தறி நிற்காது என்று நம்பிக்கை. நல்ல நேரம் தாண்டுவதற்குள் வாங்கிவிட வேண்டும் என்று காலையிலேயே வந்து நிற்பார்கள்.

அந்த மெஷினைப் பார்த்துக்கொண்டவர் பூபதி. அவரும் தறிக்குழியில் உட்கார்ந்து நெய்தவர்தான். சைக்கிளில் போகும்போது லாரி இடித்து வலது முழங்கால் மடங்காமல் போய்விட்டது. குழியில் காலை இறக்கி மிதி மிதிக்க முழங்கால் மடங்கியாக வேண்டும். நெசவு போச்சு. வீட்டில் மனைவி சாந்தி தறியில் உட்கார்ந்தார், இவர் டைப்பிங் கற்று, கம்ப்யூட்டர் கற்று, சங்கத்தில் ஆபரேட்டர் ஆனார். அதுவும் தற்காலிகம்தான். தீபாவளி கழித்துக் கமிட்டி கூடி நிரந்தரம் பண்ணுவதாகச் சொல்லியிருந்தார்கள். அந்த நாற்காலி போனால் அந்த மனிதருக்கு உட்கார வேறு இடமில்லை.

விஜயதசமி காலையில் சங்கத்திலிருந்து போன். மெஷின் எழுந்திருக்கவில்லை. வாகனம் கிளம்பியது.

தெரு முழுக்க ஜனம். உள்ளே செயலாளர் நாகராஜன் கஞ்சி போட்ட வேட்டியில் அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்தார். அவரும் தறியில் இருந்து வந்தவர்தான். குரல் நாலு தெருவுக்குக் கேட்கும். மெஷினுக்குப் பூமாலை, மானிட்டர் நெற்றியில் இவ்வளவு பெரிய சந்தனப் பொட்டு. பக்கத்தில் பூபதி சுவரோடு சுவராக நின்றிருந்தார், முகத்தில் ஈயாடவில்லை. சார் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். நான் எழுதினேன். எப்போதும் வருகிற வரிகள் எல்லாம் வந்து, கடைசியில் ஒரு கேள்வியோடு திரை நின்றிருந்தது.

யூனிக்ஸ் எப்படிக் கண் விழிக்கும் என்று சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் மற்றது விளங்கும். கரண்ட் கொடுத்ததும் முதலில் அதன் உயிர்நாடியான கெர்னல் எழும். அது இனிட் என்கிற புரோகிராமை எழுப்பும். இனிட் எழுந்ததும் 'இனிட்டேப்' என்று ஒரு ஃபைலைத் திறக்கும். இன்னின்ன வேலையைத் தொடங்கு, இன்னின்ன டெர்மினலில் உட்கார்ந்து வருகிறவர் பெயரைக் கேள் என்று அதில் வரிவரியாக இருக்கும். சின்ன ஃபைல்தான், ஒரு பக்கம்கூட வராது. அது இல்லாவிட்டால் இனிட் திருதிருவென்று விழித்து, எந்த நிலைக்குப் போகட்டும் என்று நம்மையே கேட்கும். மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த ஃபைலை அழித்தாலும் ஒன்றும் தெரியாது. நிறுத்தி மறுபடி போடும்போதுதான் குட்டு வெளிப்படும். அந்த மெஷினை வருஷத்தில் ஆயுத பூஜைக்கு மட்டும்தான் நிறுத்துவார்கள்.

சார் ஒரே ஓர் எழுத்தைத் தட்டினார். ஒற்றை ஆள் நிலை. டெர்மினல் எதுவும் கிடையாது, மெஷின் எதிரில் உட்கார்ந்திருப்பவர் மட்டும் வேலை செய்யலாம். முதல் வேலையாக டிஸ்க்கைச் சோதித்தார். ஒரு குறையும் இல்லை. அப்புறம் சிஸ்டம் ஃபைல் இருக்கிற டைரக்டரியைப் பார்த்தார். இனிட்டேப் இல்லை. பேக்கப் டேப்பை எடுத்தோம். சங்கத்தின் தகவல்தான் அதில் இருந்தது, சிஸ்டம் ஃபைல் கிடையாது. அந்தக் காலத்தில் எல்லா இடத்திலும் அப்படித்தான். எங்கள் ஆபீஸ் மெஷினிலும் இதே யூனிக்ஸ்தான் சார், அந்த ஃபைலைக் காப்பி எடுத்து வரட்டுமா என்று கேட்டேன். சார் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு திரும்பி, யாரையும் பார்க்காமல், பொதுவாகச் சொன்னார். டிஸ்க் நன்றாக இருக்கிறது, ஃபைல் மட்டும் இல்லை. அதாவது யாரோ எடுத்திருக்கிறார்கள். யார் என்று எனக்கு வேண்டாம். இதோடு வேறு எது எது போயிருக்கிறது என்று தெரிந்தால் போதும். தெரியாமல் மெஷினை எழுப்பினால் ஓடுகிற மாதிரி ஓடி நடுவில் கவிழ்த்துவிடும், பாதிப் பேருக்கு ஜரிகை பதிந்தும் பதியாமலும் நிற்கும்.

செயலாளர் அந்த இடத்திலேயே பிடித்துக்கொண்டார். எடுத்தவன் எவனாக இருந்தாலும் இன்றைக்கே வெளியே போய்விட வேண்டும், நல்ல நாளும் அதுவுமாகச் சங்கத்து வாசலில் இத்தனை பேரைக் காக்க வைத்தவன் இங்கே இருக்கக்கூடாது என்று சத்தம் போட்டார். அப்படிச் சொன்னால் எவன் வாயைத் திறப்பான்? எனக்குப் பொறுக்கவில்லை. நீங்க கொஞ்சம் வெளிய போய் நின்னாலே பாதி வேல முடியும் சார் என்று செயலாளரிடமே சொல்லிவிட்டேன். அறையே திரும்பிப் பார்த்தது. சார் தாழ்ந்த குரலில், "மேடம், ஆபீஸ் போய் காப்பி எடுத்துக்கினு வாங்க" என்றார். நான் கிளம்பிவிட்டேன்.

வண்டியை எடுக்கும்போது சாந்தி வந்து ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டார். அவரும் பாவு வாங்க வரிசையில் நின்றிருந்தவர்தான். கையில் பை, தலையில் பூ, கண்ணில் தண்ணீர். பூபதிதான் அழித்தாராம். பூஜைக்கு எல்லாத்தையும் சுத்தம் பண்ணுங்கள் என்று செயலாளர் சொன்னாரே என்று, மெஷினைத் துடைத்ததோடு நிற்காமல், உள்ளேயும் சுத்தம் பண்ணியிருக்கிறார். வருஷக்கணக்காக யாரும் தொடாத ஃபைல் எல்லாம் கழிவு என்று நினைத்துப் பார்த்துப் பார்த்து அழித்திருக்கிறார். ராத்திரியெல்லாம் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

"அவுரு காலு தறிக்கு ஒதவாதுக்கா. இதுவும் போச்சுன்னா மனுசன் ஒடஞ்சி பூடுவாரு. ஒயர் போச்சுன்னு ஒரு வார்த்த சொல்லிடுக்கா."

வழியெல்லாம் அதே நினைப்பு. எனக்குச் சொல்லிவிடத்தான் ஆசை. ஒயர் போச்சு, எலி கடித்தது, இடி இறங்கியது என்று கூசாமல் சொல்லியிருப்பேன். ஆபீஸ் மெஷினில் இருந்த ஆரம்ப ஃபைல்களை எல்லாம் ஒரு ஃபிளாப்பியில் ஏற்றிக்கொண்டு திரும்பினேன். சார் காதில் விஷயத்தைப் போட்டு, ஒயர் என்று சொல்லிவிடலாமா சார் என்றேன். சொல்லலாம், ஆனால் அவர் என்னென்ன எடுத்தார் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டுமே, ஓரமாக வந்து என் காதில் சொன்னாலும் போதும் என்றார். நான் பூபதியைக் கண்ணால் கூப்பிட்டேன். அவர் சுவரை விட்டு அசையவில்லை.

அதற்குள் செயலாளருக்கு வேறு யோசனை வந்துவிட்டது. பூஜைக்கு முதல்நாள் இந்த மெஷினில் வெளியாள் யார் கை வைத்தது என்று கேட்டார். அவரே பதிலும் சொன்னார்.

"இந்தம்மாதான வந்து பேப்பர் ஒட்டிக்கினு இருந்துது. வேற யாரு தொட்டாங்க?"

எனக்குச் சுருக்கென்றது. எத்தனை வருஷம் அந்தப் படியேறி இறங்கியிருக்கிறேன். வாசலில் நின்ற நெசவாளர்கள் என்னைப் பார்த்தார்கள். என் ஊர் எது, என் அப்பா யார் என்று அந்தத் தெருவில் எல்லாருக்கும் தெரியும். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று எனக்கும் தெரியும். சொன்னால் நம்பமாட்டீர்கள், அன்றைக்கு எனக்குப் பேச்சே வரவில்லை. சார் முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்த கையை அவிழ்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

அவருக்கு முன்னால் பூபதி வந்துவிட்டார். காலை இழுத்துக்கொண்டு, சுவரைப் பிடிக்காமல், அறையின் நடுவுக்கு வந்து நின்றார்.

"அண்ணே, அவங்க இல்ல. நான்தான். தறிய சுத்தம் பண்றேன்னு அச்சுல இருந்த பழைய பாவு முனையையும் அறுத்துட்டேன்."

நெய்கிறவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். நெய்யாத உங்களுக்காகச் சொல்கிறேன். ஒரு பாவு நெய்து முடிந்ததும் அதை முழுக்க அறுத்துவிடமாட்டார்கள். இழைகளைப் பிரித்து நிறுத்துகிற சீப்பு மாதிரியான அச்சுக்குள் நுழைந்திருக்கிற நூல் முனைகளைக் கொஞ்சம் விட்டுவைப்பார்கள். பார்க்கிறவர்களுக்கு அது கழிவு நூல்தான். ஆனால் புதுப் பாவின் ஒவ்வோர் இழையையும் அந்தப் பழைய முனையோடு சாம்பல் தொட்டு முறுக்கிப் பிணைத்து இழுத்தால்தான் தறி மறுபடி தொடங்கும். முனையை அறுத்துவிட்டால் ஆயிரக்கணக்கான இழையையும் முதலிலிருந்து அச்சில் ஒவ்வொன்றாகக் கோக்க வேண்டும். கண் போகும், இடுப்பு போகும். சார் இவ்வளவு நேரம் சொல்லியும் செயலாளருக்குப் பிடிபடாத இனிட்டேப் பூபதி சொன்ன ஒரு வாக்கியத்தில் பிடிபட்டுவிட்டது.

அவர் முகத்தைப் பார்த்தேன். கத்தப்போகிறார் என்று நினைத்தேன். மனிதர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். வேறு எங்கே எங்கே அறுத்தாய் என்று மெதுவாகக் கேட்டார். அந்தக் குரலும் அவரிடம் உண்டு என்று எனக்கு அன்றுதான் தெரியும். பூபதி நாலைந்து பெயர் சொன்னார். சார் ஒவ்வொன்றாகக் கேட்டுத் தலையாட்டினார். பெரும்பாலும் போனால் போகட்டும் ரகம். ஆனால் ஒன்று, பிரிண்டர் வேலையைத் தொடங்கி வைக்கிற ஃபைல். அது போனது தெரியாமல் மெஷினை எழுப்பியிருந்தால் எல்லாம் பதிந்திருக்கும், ஒரு சீட்டும் வெளியே வந்திருக்காது. நல்லவேளை, என் ஃபிளாப்பியில் அதுவும் இருந்தது.

சார் நாற்காலியை இழுத்தார். செயலாளர் கையைக் காட்டித் தடுத்தார்.

"அறுத்தவன்தான் கோக்கணும். நீ உக்காருபா."

அது அவர்கள் வழக்கம் என்று வாசலில் நின்ற ஒருவர் எனக்குச் சொன்னார். முனையை அறுத்தவன் எவனோ, கோத்து முடிக்கும்வரை அவன் அந்தத் தறியை விட்டு எழக்கூடாது. மற்றவர்கள் இழை எடுத்துக் கொடுக்கலாம், கோக்கக் கூடாது. பூபதி காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார். சார் மறுபடி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அவருக்குப் பின்னால் நின்றார்.

பிரிண்டர் ஃபைலை அப்படியே ஏற்றிவிட்டோம். இனிட்டேப் அப்படி முடியாது. எங்கள் ஆபீஸ் காப்பியில் பொதுவான வரிகள்தான் இருந்தன, சங்கத்து டெர்மினல்களின் வரிகளை ஒவ்வொன்றாக எழுத வேண்டும். ஒற்றை ஆள் நிலையில் எழுதித் திருத்தக் கிடைத்தது ஒரு கஞ்ச எடிட்டர், ஒரு நேரத்துக்கு ஒரு வரிதான் காட்டும். ஒவ்வொரு வரியும் நாலு துண்டு, நடுவில் முக்காற்புள்ளி. முதலில் அடையாளப் பெயர், அடுத்து எந்த நிலையில், மூன்றாவது செத்தால் மறுபடி எழுப்பு என்கிற உத்தரவு, கடைசியில் எந்த ஒயர், என்ன வேகம். ஒரு புள்ளி தவறினால் அந்த டெர்மினல் ஊமை. எந்த ஒயர் எந்த அறைக்குப் போகிறது என்று சார் கேட்கக் கேட்க, பூபதி பார்க்காமலே சொன்னார். தினம் அதோடு குடித்தனம் பண்ணியவர் இல்லையா. டிசைன் அறை, குடோன், எடை போடுகிற இடம். கடைசிக் கட்டிடத்து ஜரிகை அறைக்கு ஒயர் ரொம்ப நீளம், வேகம் குறைத்து வையுங்கள் சார் என்று அவரே சொன்னார். ஒவ்வொரு வரி முடிந்ததும் சார் என்னை வாய்விட்டுப் படிக்கச் சொன்னார், புள்ளி உட்பட. வாசலில் இருந்தவர்களும் வாயைத் திறந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள், ஏதோ சகஸ்ரநாமம் மாதிரி.

மெஷினை நிறுத்தி மறுபடி போட்டோம். வரிகள் ஓடின. அந்தக் கேள்வி வருகிற இடம் வந்தது. கேள்வி வரவில்லை. திரை அந்த இடத்தைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. குடோனிலிருந்து ஒருவர், இங்கே பேர் கேட்குது என்று குரல் கொடுத்தார். அப்புறம் டிசைன் அறை. அப்புறம் ஒவ்வொன்றாக. கடைசியில் ஜரிகை அறையிலிருந்து ஓர் ஆள் ஓடியே வந்து சொன்னார். எனக்கு அழுகையே வந்துவிட்டது, மறைக்கவில்லை. சார் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஸ்டெல்லா, ஒரு காபி கிடைக்குமா பாரு என்றார்.

பூபதி எழுந்தார். கோத்து முடித்தாகிவிட்டது, இனி வெளியே போக வேண்டியதுதான் என்று நினைத்தார் போலிருக்கிறது. மேஜைக்குக் கீழே இருந்த டிபன் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். செயலாளர் எதிரில் வந்து நின்று, நான் வரட்டுங்களாண்ணே என்றார். வாசலில் சாந்தி கையில் இருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

செயலாளர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"எங்க போற? நல்ல நேரம் போய்க்கினு இருக்குது. மொத ஆளக் கூப்பிடு."

பூபதிக்கு அது உறைக்கவே கொஞ்ச நேரம் ஆனது. நான்தான் தோளிலிருந்து பையைக் கழற்றி வாங்கி வைத்தேன். அவர் உட்கார்ந்தார். வரிசையில் முன்னால் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்து ஒதுங்கி, பின்னால் நின்றிருந்த சாந்தியை முன்னே விட்டார்கள். மெஷின் கேட்கிறபடி கேட்டுத்தான் பதிய வேண்டும், வேறு வழியில்லை. பெண்டாட்டி என்றாலும் கேட்க வேண்டும். பூபதி திரையைப் பார்த்துக்கொண்டே, பேரு என்றார். சாந்தி என்றார் அவர். சங்கத்தில் எத்தனையோ சாந்தி உண்டு, அதனால் மெஷின் அடுத்ததாக வீட்டுக்காரர் பெயரைக் கேட்கும். பூபதி தலையைக் குனிந்துகொண்டு, வீட்டுக்காரர் பேரு என்றார். அந்த ஊரில் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்லமாட்டார்கள். இவ்வளவு வருஷமும் அந்த இடத்தில் அவர் சிரித்துக்கொண்டே தானே தட்டிக்கொள்வாராம். அன்றைக்கு அவருக்குக் கை ஓடவில்லை.

சாந்தி செயலாளரைப் பார்த்தார். பிறகு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"பூபதி. இந்தச் சங்கத்துலதான் வேல பாக்குறாரு."

பூபதி அதைத் தட்டினார். பிரிண்டர் கர்ரென்று ஓட ஆரம்பித்தது.